வக்கீல் பதில் சொல்லாதபோது

நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் அன்பர்கள், கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஸார், கேஸ் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. போன் போட்டால் வக்கீல் எடுப்பதில்லை. ஆபீசுக்குப் போனால் கோர்ட்டில் இருக்கிறார் என்கிறார்கள், கோர்ட்டுக்குப் போனால் இன்று வரவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?" சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாகப்பிரிவினை, தோப்புத் தகராறு, தேவிகுளம், பீருமேடு பக்கம் பட்டயம், வேலி, வழிப்பாதை. விவகாரம் வேறு வேறு, புகார் ஒன்றே.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோ என்ஜினீயர். ஆனால் விதிப்புத்தகத்தைப் பக்கம் விடாமல் படிக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் ஒட்டிக்கொண்டது. அது இன்னும் போகவில்லை. அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். அது சென்னையில் நடந்தது. காது கேளாத முதியவர் ஒருவரும் ஓர் அம்மையாரும் தங்கள் வீட்டுக்கார அம்மாளுக்கு 20,000 ரூபாய் கடன் கொடுத்திருந்தார்கள். 15,000-க்கும் 5,000-க்குமாக இரண்டு புரோநோட்டுகள். பணம் திரும்பி வராததால், நோட்டுகளை ஒரு வக்கீலிடம் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். வழக்கு போட்டாகிவிட்டது, நடந்துகொண்டிருக்கிறது என்று வக்கீல் சொல்லிவந்தார். உண்மையில் வழக்கே தாக்கலாகவில்லை. புரோநோட்டுக்குச் சட்டம் தரும் காலம் மூன்று வருஷம். அதுவும் கடந்துவிட்டது.

தமிழ்நாடு பார் கவுன்சில் அந்த வக்கீலை ஆறு வருஷம் தொழில் செய்யக்கூடாது என்று நிறுத்தியது. அப்பீலில் இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருஷமாகக் குறைத்தது. அதன்பின் உச்ச நீதிமன்றம் போய் 1978-ல் தீர்ப்பு வந்தது. ரங்கதுரை எதிர் கோபாலன் என்று அதைச் சொல்வார்கள். அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்தவர், 1957-ல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் என்பதெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. வக்கீலைச் சும்மா உட்கார வைப்பதால் யாருக்கு லாபம் என்று அவர் கருதினார். பாதிக்கப்பட்ட முதியவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும், ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வேலை செய்ய வேண்டும் என்று தண்டனையை மாற்றி அமைத்தார். நீதிபதி ஏ.பி. சென் அதற்கு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். சட்டத்தில் இல்லாத தண்டனை என்பது அவர் கட்சி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தண்டனையை அல்ல. அந்த முதியவருக்குப் பதில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது! கேட்டபோதெல்லாம் 'நடக்கிறது' என்ற பதில். ஆகவே வக்கீல் பேசுகிறாரா, பேசவில்லையா என்பது இரண்டாம் பட்சம். கோர்ட்டு ரிக்கார்டில் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஒற்றைப் பாதையில் ரயில் ஓட்டுபவர், அடுத்த ஸ்டேஷன்காரர் நல்லவர் என்ற நம்பிக்கையில் வண்டியை எடுப்பதில்லை. டோக்கன் கைக்கு வந்த பிறகே எடுப்பார்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. கோர்ட்டுக் காகிதங்கள் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் தமிழ் மட்டும் படித்தவர்கள் வக்கீலின் வாய்ச்சொல்லையே நம்பி இருக்கிறார்கள். வக்காலத்துத் தாளில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள். மறையூரிலிருந்து தொடுபுழா ஜில்லா கோர்ட்டுக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் கூலி போயிற்று, ஆகவே போவதுமில்லை.

ஆனால் இன்று போகாமலே பார்க்கலாம். தாக்கலான ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண் உண்டு. ஈ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கடைசி வாய்தாவில் என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது, எந்த நிலையில் நிற்கிறது என்பதெல்லாம் வரும். எண் தெரியாவிட்டால் கட்சிக்காரர் பெயரைப் போட்டும் தேடலாம். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. தேடியும் வழக்கே காணவில்லை என்றால் கோர்ட்டு ஆபீசுக்கு நேரில் போய் விசாரித்தே ஆக வேண்டும்.

பார்த்தபின் பெரும்பாலும் ஒரு விஷயம் தெரியவரும்: ஒன்றும் நடக்கவில்லை. நீதிபதி மாற்றலாகிப் போயிருப்பார், எதிர்க்கட்சிக்குத் தாக்கீது சேராமல் திரும்பியிருக்கும், அல்லது நாம் கொடுக்க வேண்டிய பத்திரம் கொடுக்கப்படாமல் இருக்கும். வக்கீலிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அதனால் சொல்லவில்லை. இதற்கெல்லாம் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. குமாஸ்தாவிடம் நயமாகப் பேசினால் காரியம் நடக்கும். என் அபிப்பிராயத்தில் பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி அப்படி அல்ல. வாய்தா அன்று எதிர்க்கட்சி வந்திருந்து நம் பக்கம் யாரும் இல்லாமல் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தால், அதே காரணத்தைச் சொல்லிப் புதிய வழக்குப் போட முடியாது. தள்ளுபடியை நீக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மனுப் போட வேண்டும். கெடு 30 நாள். நாம் பிரதிவாதியாக இருந்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தாலும் 30 நாள்தான். அப்பீல் என்றால் ஜில்லா கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள். தீர்ப்பின் நகலுக்கு மனுப் போட்டு அது கிடைக்கும் வரையிலான நாட்கள் கழிவு. கெடு தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்க வேண்டித் தனி மனு வேண்டும். காரணம் சரியாக இருக்க வேண்டும்.

'வக்கீல் செய்த தவறு, நான் என்ன செய்வேன்' என்பது காரணமாகுமா? 1981-ல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வக்கீலை நம்பி வீட்டில் இருந்த கட்சிக்காரர், வக்கீல் கோர்ட்டுக்கு வராத குற்றத்துக்காகக் கஷ்டப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லித் தள்ளுபடியான அப்பீலைத் திரும்ப எடுக்க வைத்தது. இதை மட்டும் கேள்விப்பட்டுத் தைரியமாக இருப்பவர்கள் உண்டு. 1993-ல் சலில் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம், ரஃபீக் தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தும் பொதுவிதி அல்ல என்று சொல்லிவிட்டது. அங்கே கட்சிக்காரர் கல்கத்தாவில் ஆபீஸ் வைத்திருந்த கம்பெனி, எழுத்தறியாத கிராமவாசி அல்ல. ஆகவே நாம் சும்மா இருக்கவில்லை, விசாரித்துக்கொண்டே இருந்தோம் என்று காட்ட ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரம்தான் கடிதம். போனில் நூறு தடவை கூப்பிட்டதைவிட ஒரு கடிதம் மேல். வழக்கு எண், கோர்ட்டு, நீங்கள் போய்ப் பார்த்தும் சந்திக்க முடியாத தேதிகள், உங்களுக்குத் தெரிய வேண்டிய விவரம், பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்ற வரி. ஒரு பக்கம் போதும். மிரட்டலும் வேண்டாம், அழுகையும் வேண்டாம். நகல் வைத்துக்கொண்டு ஸ்பீட் போஸ்டில், ஒப்படைத்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்புங்கள். (நாம் பழகிய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது.) பல பேருக்கு இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே போன் வரும். மேலே சொன்ன 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இந்தப் பதினைந்து நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

அதற்கும் பதில் இல்லையென்றால் வக்கீலை மாற்ற வேண்டியதுதான். ஒரு தடவை வக்காலத்து கொடுத்தால் மாற்ற முடியாது என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு பயம் இருக்கிறது. தவறு. பழைய வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் புதியவர் வக்காலத்து போடுவார். கொடுக்காவிட்டால், கோர்ட்டின் அனுமதி கேட்டு மனுப் போட்டுப் பழைய வக்காலத்தை முடிக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது.

'பாக்கி பீஸ் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்' என்பது அடுத்த சிக்கல். ஆதாரங்கள் அவரிடம் மாட்டிக்கொண்டதால் வழக்கையே கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். இந்த விஷயம் 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்ந்துவிட்டது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் வக்கீல், 97,100 ரூபாய் பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டுகளைப் பிடித்துவைத்துக்கொண்டார். பீஸுக்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது, கேட்டும் கொடுக்காதது தொழில் ஒழுக்கக்கேடு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பாக்கி உண்மையானால் அவர் தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். நியாயமான பாக்கியைக் கொடுத்துவிடுவதே மரியாதை என்பது வேறு விஷயம்.

புதிய வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் தாலுகா சட்ட சேவைக் கமிட்டிக்குப் போகலாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளிகள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம்.

வக்கீல்மேல் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2007-ல் அப்படிச் சொன்னது உண்மை. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கவனக்குறைவால் நஷ்டம் என்றால் சிவில் கோர்ட்டில் கேட்கலாம். 1926-ஆம் வருஷத்து வக்கீல் கட்டணச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. ஒழுக்கக்கேடு என்றால் 1961-ஆம் வருஷத்து அட்வகேட்ஸ் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி பார் கவுன்சிலில் புகார் கொடுக்க வேண்டும். நமக்கு எர்ணாகுளத்தில் உள்ள கேரள பார் கவுன்சில். வக்கீல் கோயம்புத்தூர்க்காரராக, தமிழ்நாட்டில் பதிவு செய்தவராக இருந்தால் சென்னையில். எர்ணாகுளத்துக்குப் போகும் புகாரை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவது நல்லது. ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும்.

புகார் கொடுத்தவுடன் வழக்கு தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்துச் சிலர் இருந்துவிடுகிறார்கள். பார் கவுன்சில் வக்கீலைக் கண்டிக்கும், நிறுத்தி வைக்கும், பெயரையே நீக்கும். தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது அந்தந்தக் கோர்ட்டின் வேலை. புகாரை அடுத்த மாதமும் எழுதலாம். 30 நாள் மனுவை முதலில் போட்டுவிடுங்கள்.