ஒரு தகவல் கைமாறும்போது: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மன்னார் அடம்பனில் ஐம்பதைக் கடந்த ஒருவரிடம் 'தலையாட்டி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களை முகமூடி போட்ட ஒருவருக்கு முன்னால் வரிசையாக நடக்கவிடுவார்கள். அவர் தலை அசைந்தால், அந்தப் பிள்ளை அன்று வீடு திரும்பாது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் கையிலும் 'துரோகி' என்ற ஒரு சொல்லுக்கு உயிர் போயிருக்கிறது. 2008 மே 9 அன்று ஊர் இராணுவத்திடம் வீழ்ந்தது. இடம்பெயர்ந்த சனத்தில் பலர் முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிகுளம் முகாம்களில் கிடந்துதான் திரும்பினார்கள். அதனால் இங்கே 'தகவல்' என்றாலே காட்டிக்கொடுப்பு என்றுதான் காதில் விழுகிறது.

ஆனால் தகவல் சேர வேண்டிய இடத்துக்குச் சேராததாலும் சனம் செத்திருக்கிறது. ஆகவே கேட்பவருக்கும் சொல்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தகவல் கேட்கும் அதிகாரிகளுக்கு

செய்யுங்கள்: எச்சரிக்கையை ஆபத்தில் இருப்பவரிடமே கொண்டுபோய்ச் சேருங்கள். 2019 ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் வந்தது. சஹ்ரான் ஹாஷிமின் பெயரும் கத்தோலிக்க ஆலயங்கள் இலக்கு என்பதும் எச்சரிக்கையில் இருந்தன. 9 ஆம் திகதி அது பொலிஸ் மா அதிபருக்குப் போனது. 11 ஆம் திகதி ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபரின் கடிதமாகப் பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்துக்கும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் போகவில்லை. 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, அந்த ஆலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் சஹ்ரானின் ஆட்கள் வெடிக்கவைத்த குண்டுகளில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பூசை நடத்திய சுவாமியிடம் ஒருவர் போன் எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு உயர் அதிகாரிகளுக்கும் அதில் பங்கு விதிக்கப்பட்டது.

செய்யாதீர்கள்: குற்றவாளி யார் என்று முடிவு கட்டிவிட்டுத் தகவல் தேடாதீர்கள். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவு சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் நேரே முன்னாள் போராளிகள் மேல் விழுந்தது. ஒருவர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஏப்ரல் குண்டுகள் வெடித்த பிறகுதான் தெரியவந்தது. தவறான ஆளைப் பிடித்து வைத்திருந்த ஒவ்வொரு நாளும் சரியான ஆளுக்குக் கிடைத்த நாள். புனர்வாழ்வு முடித்து வந்து வயல் செய்கிற நம்மூர்ப் பிள்ளைகளை எதற்கெடுத்தாலும் தேடி வருபவர்கள் இதை மறக்கக்கூடாது.

செய்யுங்கள்: துண்டுகளை ஒரே மேசையில் வையுங்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைந்தன. 2019 ஜனவரியில் வில்பத்துக் காட்டுக்கு அப்பால், வனாத்தவில்லுவில், ஒரு தோட்டத்தில் வெடிபொருள் அகப்பட்டது. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்பே முறையிட்டிருந்தார்கள். எல்லாம் கையில் இருந்தும் கோக்க ஆளில்லை. 2001 செப்டம்பர் 11க்கு முன் அமெரிக்காவிலும், கடத்தல்காரர் இருவரைப் பற்றி சிஐஏ அறிந்தது எஃப்பிஐக்கு உரிய நேரத்தில் போகவில்லை.

செய்யாதீர்கள்: காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மாரின் கூட்டத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். அந்த அம்மா நாளைக்கு உண்மையான ஆபத்தைக் கண்டாலும் உங்களிடம் வரமாட்டார். ஏன் வரவேண்டும்?

ஊரவருக்கு

செய்யுங்கள்: கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும் பிரித்துச் சொல்லுங்கள். இடம், நேரம், வாகன இலக்கம் பயன்படும். 'அவன் ஒரு மாதிரி' என்பது பயன்படாது.

செய்யாதீர்கள்: எல்லைவேலிச் சண்டையையும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையையும் பொலிஸ் காதில் 'தகவல்' ஆக்காதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கிறது. சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. இந்தச் சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தவரிடமோ அதற்கு மேற்பட்டவரிடமோ கொடுத்தால் செல்லும். உங்கள் கோபம் ஆறிய பிறகும் அந்த வீட்டுப் பிள்ளை உள்ளே இருக்கும்.

செய்யாதீர்கள்: ஒருவர் மேலுள்ள சந்தேகத்தை அவருடைய சமூகத்தின் மேல் ஏற்றாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல மன்னாருக்குக் காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் முசலியும் வெறுமையாகின. 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்ததும் அதே நோய்தான். வட்ஸ்அப்பில் வரும் 'உசார்' செய்தியை, அனுப்பியவருக்கே நேரில் தெரிந்த விஷயமா என்று கேட்காமல் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள்.

செய்யுங்கள்: பற்றைக்குள் வெடிபொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, விதானையாரிடமோ பொலிஸிடமோ சொல்லுங்கள்.

செய்யுங்கள்: சிவில் உடுப்பில் வருபவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, உங்கட பெயர் என்ன, எந்த நிலையம்?" கைது செய்ய வருபவர் பெயரையும் பதவியையும் காரணத்தையும் சொல்ல வேண்டும், கைதானவர் வீட்டாருடன் பேச விட வேண்டும், விரும்பிய மொழியில் வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்பது 2006 இல் வந்து 2016 இல் மறுபடி வெளியான சனாதிபதிப் பணிப்புரை. கேட்பது எதிர்ப்பு ஆகாது.

செய்யாதீர்கள்: வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், கையெழுத்து வைக்காதீர்கள்.

செய்யுங்கள்: யாரையாவது கொண்டுபோனால் நேரத்தையும் வாகன இலக்கத்தையும் உடனே எழுதுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திராமல் நீங்களே அழையுங்கள். ஆணைக்குழுவின் இலக்கம் 1996, இரவிலும் எடுப்பார்கள். அதைக் கலண்டருக்குப் பக்கத்தில், அம்மம்மாவுக்கும் தெரிகிற அளவில், சுவரிலேயே எழுதி வையுங்கள்.