சுற்றுவழியாக ஒரு படிப்பு: கம்யூனிட்டி காலேஜில் மானிடவியலும் கட்டடக்கலையும் – முழுமையான வழிகாட்டி

பே ஏரியா தமிழ் வீட்டு விருந்துகளில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். "பொண்ணு எங்க படிக்கிறா?" என்று கேட்டால், "இப்போதைக்கு கம்யூனிட்டி காலேஜ்" என்று பதில் வரும். அந்த "இப்போதைக்கு" மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் இருக்கும். 42 வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தபோது நானும் அதே குரலில்தான் சொன்னேன். மானிடவியலையும் கட்டடக்கலையையும் சேர்த்துப் படித்துக் கரையேற எனக்கு நான்கு வருடம் ஆனது. அதில் ஒரு வருடம் என் கவனக்குறைவால் போனது. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதெல்லாம் கலிஃபோர்னியா கணக்கு. மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் தையலோ, கணினியோ, ஏதாவது ஒரு கைத்தொழில் டிப்ளமோ ஞாபகத்துக்கு வரும். அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜிலும் தொழிற்படிப்பு உண்டு. ஆனால் அதன் இன்னொரு பாதி, பல்கலைக்கழகப் பட்டத்தின் முதல் இரண்டு வருடத்தைக் குறைந்த செலவில் முடித்துக் கொடுப்பது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் இது தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 1910இல் ஃபிரெஸ்னோ முதலில் வந்தது. இன்று மாநிலத்தில் 116 கல்லூரிகள்.

நுழைவுத்தேர்வு கிடையாது. பள்ளி முடித்திருந்தால் போதும், 18 வயது ஆகியிருந்தாலும் போதும். மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். புத்தகம், கார் நிறுத்தம், அட்டை, பசை எல்லாம் தனி. மாநிலவாசி என்று கணக்கில் வர ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஊரிலிருந்து எஃப்-1 விசாவில் நேராக வருபவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு; பருவத்துக்கு 12 யூனிட்டாவது எடுத்தாகவும் வேண்டும். "அமெரிக்காவில் மலிவான படிப்பு" என்று ஏஜென்ட் சொன்னால், யாருக்கு மலிவு என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசிப் படியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

வகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எங்கே போய் முடியப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். கட்டடக்கலையில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஐந்து வருட பி.ஆர்க். கால் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் சான் லூயிஸ் ஒபிஸ்போவிலும் பொமோனாவிலும் இது இருக்கிறது. இன்னொன்று நான்கு வருட பி.ஏ., அதற்குமேல் எம்.ஆர்க். பெர்க்லியில் கிடைப்பது இந்த பி.ஏ.தான். பெர்க்லி என்ற பெயரிலேயே பாதிப் பேர் சொக்கிப்போய், அந்த பி.ஏ. தொழில்முறைப் பட்டம் இல்லை என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். கட்டடக்கலைப் பட்டங்களை அங்கீகரிக்கும் நாப் என்ற அமைப்பின் அங்கீகாரம் பி.ஆர்க், எம்.ஆர்க் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்குத்தான்.

பட்டத்தோடும் முடிவதில்லை. உரிமம் வாங்க 3,740 மணி நேரம் பணி அனுபவம் காட்டி, ஏ.ஆர்.இ. எனப்படும் கட்டடக்கலைஞர் பதிவுத் தேர்வின் ஆறு பிரிவுகளையும் தாண்டி, கலிஃபோர்னியாவின் தனித்தேர்வையும் எழுத வேண்டும். பிள்ளைக்குப் பொறுமை இருக்கிறதோ இல்லையோ, பெற்றோருக்கு வேண்டும்.

மானிடவியலுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. பல கல்லூரிகளில் பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆவதற்கென்றே அமைத்த அசோசியேட் பட்டம் இருக்கிறது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி.

கட்டடக்கலையை வைத்துக் கல்லூரியைத் தேடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். மானிடவியல் வகுப்பு ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். கட்டடக்கலை ஸ்டூடியோ அப்படியில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ், பிளசன்ட் ஹில்லில் டயாப்லோ வேலி, சாக்ரமென்டோவில் கொசும்னஸ் ரிவர், தெற்கே ஆரஞ்ச் கோஸ்ட், மவுன்ட் சாக், ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் என்று சில இடங்களில்தான் முழுத் தொடராக இருக்கிறது. ஸ்டூடியோ 1 முடித்தால்தான் 2. 2 முடித்தால்தான் 3.

நான் ஜனவரியில் சேர்ந்தேன். முதல் ஸ்டூடியோ ஆகஸ்டில் மட்டும்தான் தொடங்கும் என்று நான் கேட்கவில்லை. என்னைச் சேர்த்துக்கொண்ட கவுன்சிலரும் சொல்லவில்லை. அடுத்த ஆகஸ்டில் வகுப்பு நிரம்பிவிட்டது. போச்சு ஒரு வருடம். அதனால் கவுன்சிலரைப் பார்க்கப் போகும் முன் துறையின் ஆசிரியருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "எந்த ஸ்டூடியோ எந்தப் பருவத்தில் நடக்கும்?" என்ற ஒரு வரி போதும்.

பிறகு அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து, உங்கள் கல்லூரியையும் போக விரும்பும் பல்கலைக்கழகத்தையும் கொடுத்தால் இங்குள்ள எந்த வகுப்பு அங்கே எதற்கு ஈடு என்று வரிவரியாகக் காட்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். நண்பன் சொன்னான், அக்கா சொன்னாள் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

மானிடவியலை இடுக்கில் செருகும் வித்தை

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நாலைந்து வருடம் இழுக்குமே என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் இழுக்காது. டிரான்ஸ்ஃபருக்கு எல்லோரும் படிக்க வேண்டிய பொதுப்பாடப் பட்டியல் ஒன்று உண்டு. இப்போது அதன் பெயர் கால்-கெட்சி. அதில் சமூக அறிவியல் கட்டத்தில் பண்பாட்டு மானிடவியல் உட்காரும். உயிரியல் கட்டத்தில் உயிரியல் மானிடவியல் உட்காரும். கட்டடக்கலைக்கு இயற்பியலும் கால்குலஸும் எப்படியும் தேவை. இயற்பியல் கட்டம் அதில் நிரம்பிவிடும். உயிரியல் கட்டத்துக்காகத் தவளையை அறுப்பதற்குப் பதில் குரங்கின் மண்டையோட்டைப் பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் முறை இது: பருவத்துக்கு ஒரு ஸ்டூடியோ, ஒரு கணிதமோ இயற்பியலோ, ஒரு மானிடவியல். நாலாவதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் தூக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறிமுகப் பாடநூல்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். கம்யூனிட்டி காலேஜ் மானிடவியல் ஆசிரியர்கள் சங்கமே பண்பாட்டு மானிடவியலுக்கு 'பெர்ஸ்பெக்டிவ்ஸ்', உயிரியல் மானிடவியலுக்கு 'எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்' என்று இரண்டு நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

இரண்டு அறைகள்

எலும்பு ஆய்வகத்தில் முதல் நாள் ஒரு சிம்பன்சியின் மண்டையோட்டு அச்சையும் மனித மண்டையோட்டு அச்சையும் கையில் கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார்கள். தண்டுவடம் நுழையும் துளை மனிதனுக்குத் தலையின் நேர் அடியில் இருக்கிறது, சிம்பன்சிக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. தலை உடம்பின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறதா, முன்னால் நீண்டு தொங்குகிறதா என்பதை அந்த ஒரு துளை சொல்லிவிடுகிறது. பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அடுத்த வாரம் ஸ்டூடியோவில் தூண் வைக்கும்போது அது உதவியது.

ஸ்டூடியோவில் முதல் வாரமே கடையைக் காலி செய்யாதீர்கள். வெட்டும் பாய், இரும்பு அளவுகோல், கத்தி, நிறைய பிளேடு, மஞ்சள் டிரேசிங் சுருள், முக்கோண ஸ்கேல் இருந்தால் தொடங்கலாம். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். மழுங்கிய பிளேடை அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலுக்கு வருகிறது. என் இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஸ்கேலில் கால் அங்குலம் ஒரு அடிக்குச் சமம். மெட்ரிக்கில் படித்தவர்களுக்கு இரண்டு வாரம் தலை சுற்றும். கிரவுண்டையும் சதுர அடியையும் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வளவு சிரமமில்லை.

பண்பாட்டு மானிடவியலில் ஒரு பயிற்சி உண்டு: ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பார்ப்பதை எல்லாம் எழுத வேண்டும். நான் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தையே எடுத்துக்கொண்டேன். மரத்தடியில் அழகான பெஞ்ச் ஒன்று காலியாக இருக்க, ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா பாட்டிகள் எல்லாம் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கார் நிறுத்துமிடத்தின் சிமென்ட் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று ஒரு கும்பகோணத்துப் பாட்டியைக் கேட்டேன். "அங்க போய் உட்கார்ந்தா யாரும்மா வருவா? தபால் எடுக்க எல்லாரும் இங்கதானே வரணும்!" அடுத்த பருவம் சிறிய குடியிருப்பு ஒன்றை வடிவமைக்கச் சொன்னபோது தபால் பெட்டிகளைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து, பக்கத்தில் 18 அங்குல உயரத்தில் ஒரு மேடை வைத்தேன். அந்தப் பெஞ்சை வரைந்தவர் வளாகத்துக்கு வந்து ஒரு மாலை உட்கார்ந்திருக்கமாட்டார் என்பது என் அனுமானம்.

ஒரு சனிக்கிழமை எமரிவில்லுக்குப் போங்கள்

பே ஏரியாவில் இருந்தால் ஐகியாவுக்கு எப்படியும் போவீர்கள். அந்தக் கடை இருக்கும் தெருவின் பெயர் ஷெல்மவுண்ட் தெரு, அதாவது கிளிஞ்சல் மேட்டுத் தெரு. ஒலோனி பழங்குடியினர் பல நூற்றாண்டுகளாகக் குவித்த கிளிஞ்சல் மேடு அங்கே இருந்தது. அவர்கள் தங்கள் இறந்தவர்களையும் அதில் புதைத்தார்கள். 1902இல் தொல்லியலாளர் மாக்ஸ் ஊலே அதை அகழ்ந்தார். 1924இல் மேட்டைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் பே ஸ்ட்ரீட் வணிக வளாகம். ஓரமாக ஒரு சிறிய நினைவிடம். வகுப்பில் 'மனை ஆய்வு' என்று சொல்லிக்கொடுக்கும்போது வெயில், காற்று, சரிவு மூன்றையும் குறிப்போம். கீழே யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் கட்டமே இருக்காது. நான் ஒரு கட்டம் போட்டுக்கொண்டேன்.

விண்ணப்பமும் போர்ட்ஃபோலியோவும்

செப்டம்பரில் டாக் எனப்படும் இட உறுதி விண்ணப்பம். அக்டோபர், நவம்பரில் பொது விண்ணப்பம். டாக் தரும் ஆறு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்கள் டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். மானிடவியலுக்கு ஆறுமே சரி. கட்டடக்கலை இருக்கும் பெர்க்லியும் யூசிஎல்ஏவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கட்டடக்கலைக்கு விண்ணப்பிப்பவர் மானிடவியலில் ஒரு டாக் போட்டுவைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

யூசி, கம்யூனிட்டி காலேஜ் யூனிட்டுகளில் 70 வரைதான் கணக்கில் எடுக்கும். பி.ஆர்க்கில் எந்த வருடத்தில் சேர்ப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் உங்கள் போர்ட்ஃபோலியோ தீர்மானிக்கும். "இங்கே ரெண்டு, அங்கே மூணு" என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மாடல் முடிந்த அன்றே நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒரு மாதத்தில் பசை விட்டுப்போகும், யாராவது அதன்மேல் பையை வைப்பார்கள்.

ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர் அது ஏற்கப்படுமா என்று பார்த்தாக வேண்டும். சேருவதற்கு முன்பே, நீங்கள் கடைசியாக வாங்கப்போகும் பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் குறிப்பிட்டு கவுன்சிலுக்கு எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கிவையுங்கள்.