வீடு மாறலாம், மருந்து வேளை மாறலாகாது

நோய் ஒரு குடும்பத்தில் நுழைந்தபின் வீடு மாறவேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகிறது. மாடிப்படி ஏற இயலாதவருக்குத் தரைத்தள வீடு தேவைப்படுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் மருத்துவமனைக்கு அருகில் குடியேற விரும்புகிறார். சிகிச்சைச் செலவால் கையிருப்புக் குறைந்த குடும்பம் குறைந்த வாடகையில் வீடு தேடுகிறது. புதிய வீட்டுக்கு முன்பணம் கொடுத்த கையோடு, பொருள்களைக் கட்டி ஏற்றி இறக்கித் தரும் நிறுவனத்துக்கும் பணம் கொடுப்பது எல்லோருக்கும் இயலுவதன்று. ஆகவே ‘குட்டி யானை’ என்று வழங்கும் சிறு சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்து, உறவினர் ஒருவரையும் நண்பர் இருவரையும் துணைக்கு அழைத்து, வீட்டினரே எல்லாவற்றையும் செய்து முடிக்கிறார்கள்.

அதில் தவறேதும் இல்லை. ஆயினும், வீடு மாறிய ஓரிரு நாள்களில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளிகளை நாங்கள் காண்கிறோம். மாத்திரைகள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று தெரியாமல் சில வேளைகள் தவறியிருக்கும்; இரவெல்லாம் உறக்கம் இருந்திராது; உணவு கடையிலிருந்து வந்திருக்கும். நோய் தானாக முற்றவில்லை. அதைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒழுங்கு குலைந்திருக்கிறது. அந்த ஒழுங்கைக் காப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இடமாற்றம் தனியே வருவதில்லை

அமெரிக்க மருத்துவர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே ஆகிய இருவரும் 1967ஆம் ஆண்டில் மனஅழுத்த அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். வாழ்வில் நேரும் 43 மாற்றங்களுக்கு அவர்கள் மதிப்பெண் வழங்கினர். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100 என வைத்து, மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டனர். அதில் வீடு மாறுவதற்கு உரிய மதிப்பெண் 20 மட்டுமே. இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதே பட்டியலில் உறக்கப் பழக்கம் மாறுவதற்கு 16, உணவுப் பழக்கம் மாறுவதற்கு 15, சொந்த உடல்நலக் கேட்டுக்கு 53, குடும்பத்தில் ஒருவரின் உடல்நலம் மாறுவதற்கு 44 என்று உள்ளன. நோயாளி உள்ள வீட்டில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

இம்மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவருக்கு இன்ன நோய் வரும் என்று கணிக்க இயலாது. ஆயினும் இது நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. நோயையும் இடமாற்றத்தையும் நாம் தவிர்க்க இயலாமற் போகலாம். உறக்கம், உணவு, மருந்து ஆகிய மூன்றும் மாறாமல் காப்பது பெரும்பாலும் நம் கையில் உள்ளது.

மனஅழுத்தத்தின்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் மிகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. சர்க்கரையின் அளவும் ஏறக்கூடும். நலமுடையவர் இதைத் தாங்கிக்கொள்வார். இதய நோயோ நீரிழிவோ உள்ளவருக்கு இதுவே கூடுதல் சுமையாகிவிடும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

ஆடி, மார்கழி போன்ற மாதங்களைத் தவிர்த்து, நாள் பார்த்து வீடு மாறுவது நம் வழக்கம். பள்ளி விடுமுறையைக் கருதி மே மாதத்துக் கத்தரி வெயிலில் மாறுவோரும் பலர். வெயில் காலமாயின் ஏற்றும் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடிப்பது நன்று.

நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டுப் பொருள்களைப் பின்னொரு நாளில் கொண்டுசெல்லும் வழக்கமும் நம்மிடையே உண்டு. நோயாளி உள்ள குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும். இடைப்பட்ட நாள்களில் நோயாளியின் அறையை மட்டும் முதலில் ஒழுங்குசெய்துவிடலாம். கட்டில், மின்விசிறி, விளக்கு, குடிநீர், கழிப்பறை ஆகியவை ஆயத்தமான பின்னரே நோயாளி அங்குச் செல்லவேண்டும். சாமான் ஏற்றி இறக்கும் நாளில் அவரை உறவினர் வீட்டில் தங்கவைப்பது இன்னும் சிறந்தது.

பால் காய்ச்சும் சடங்கு விடியற்காலையில் நடைபெறுவதுண்டு. இன்சுலின் செலுத்திக்கொள்பவர் சடங்கு முடியட்டும் என்று உணவைத் தள்ளிப்போடலாகாது. ஊசிக்கும் உணவுக்கும் உள்ள இடைவெளி எந்நாளும் மாறாதிருக்கவேண்டும்.

சுமை தூக்குதல்: யார், எவ்வளவு?

பழகிய பொருள்களின் எடையை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம். நிறைந்த 20 லிட்டர் தண்ணீர்க் கேன் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். 14.2 கிலோ எரிவாயு கொண்ட சமையல் சிலிண்டர் உருளையோடு சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கீட்டில், எல்லாச் சூழலும் சாதகமாக இருக்கும்போதும் ஒருவர் தூக்குவதற்குரிய உச்ச எடை 23 கிலோ. குனிந்தும் திரும்பியும் படியேறியும் தூக்கும்போது இவ்வரம்பு மேலும் குறையும். ஆகவே சிலிண்டரை இருவர் சேர்ந்தே தூக்கவேண்டும். புத்தகங்களைப் பெரிய சாக்கில் நிரப்பாமல் சிறு பெட்டிகளாகப் பிரித்துக் கட்டவேண்டும்.

தூக்கும்போது முழங்காலை மடக்கி அமர்ந்து, பொருளை உடலோடு ஒட்டிப் பிடித்து எழவேண்டும். தம் பிடித்துத் தூக்கலாகாது. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். எழும்போது மூச்சை வெளியே விடுவது முறை.

பின்வருவோர் எடை தூக்கும் பணியில் ஈடுபடலாகாது: அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள்; நெஞ்சுவலி கட்டுக்குள் வராதவர்கள்; குடலிறக்கம் உள்ளவர்கள்; கருவுற்ற பெண்கள்; அண்மையில் வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள். நெஞ்செலும்பைத் திறந்து இதய அறுவை செய்துகொண்டவர்கள் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் வரை 5 கிலோவுக்கு மேற்பட்ட எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது. ‘எல்லோரும் உழைக்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பதா?’ என்ற கூச்சம் நோயாளிக்கு எழுவது இயல்பு. அவருக்கு உட்கார்ந்து செய்யும் பணி ஒன்றைக் கொடுங்கள். பெட்டிகளுக்கு எண் இட்டு, எதில் எது உள்ளது என்று குறிப்பேட்டில் எழுதுவது பயனுள்ள பணியே.

கடைசியில் கட்டி முதலில் பிரிக்கும் பை

நோயாளிக்குரிய பொருள்களைத் தனிப் பையில் வையுங்கள். அது சரக்கு வண்டியில் ஏறலாகாது. பொறுப்பான ஒருவரின் தோளிலேயே இருக்கவேண்டும். அதில் இருக்கவேண்டியவை:

1. ஒரு வாரத்துக்குப் போதுமான மாத்திரைகள், அவற்றின் அட்டையோடு. பல மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டிவைப்பது குழப்பம் தரும்.
2. மருந்துச்சீட்டு, கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டை, ஆதார்.
3. இன்சுலின், ஊசிகள், சர்க்கரை அளக்கும் கருவி, பட்டைகள்.
4. இன்ஹேலர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருப்பின் அதுவும்.
5. சர்க்கரைப் பொட்டலம், பிஸ்கட், குடிநீர்.
6. மூக்குக்கண்ணாடி, காதொலிக் கருவி, கைபேசி மின்னேற்றி, ஒரு சிறு டார்ச் விளக்கு.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்கவேண்டும். குளிர்பெட்டியை அணைத்துப் புதிய வீட்டில் மீண்டும் இயக்கும் வரை, ஐஸ் பொதி வைத்த பெட்டியிலோ அகன்ற வாய்ப் பிளாஸ்க்கிலோ வைத்திருக்கலாம். ஐஸ்மீது நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளும் அதை விட்டுவைக்கலாகாது.

நோய்க்கேற்ற கவனம்

*நீரிழிவு:* வழக்கத்துக்கு மீறிய உடலுழைப்பு சர்க்கரையைத் தாழ்த்தும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு அன்று இரவிலும் சர்க்கரை தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் தோன்றினால் உடனே அளந்து பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். கருவி கைக்கு எட்டாவிட்டால் அளப்பதற்குக் காத்திராமல் சர்க்கரை கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

*இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய்:* வழியில் கழிப்பறை கிடைக்காது என்று நீர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோர் உண்டு. நிறுத்தாமல், எந்நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். கடை உணவிலும் ஊறுகாயிலும் உப்பு மிகுதி. முதல் இரு நாள்களுக்குத் தயிர்ச்சோறும் இட்லியும் உறவினர் வீட்டிலிருந்து குறைந்த உப்பில் வருமாறு ஏற்பாடு செய்யலாம். எடை பார்க்கும் கருவியை உடனே பிரித்தெடுங்கள். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். டயாலிசிஸ் மையம் மாறுவதாயின், புதிய இடத்தில் நாளும் நேரமும் உறுதியான பின்னரே வீடு மாறுங்கள்.

*ஆஸ்துமா, நுரையீரல் நோய்:* பரணைத் தட்டும்போது எழும் தூசியும், புதுச் சுண்ணம், பெயிண்ட் வாடையும் மூச்சிறைப்பைத் தூண்டும். துப்புரவு நடக்கும்போது நோயாளி அங்கு இருக்கலாகாது. வெள்ளையடித்த வீட்டின் சன்னல்களைச் சில நாள்கள் திறந்துவையுங்கள். ஆக்சிஜன் செறிவூட்டி பயன்படுத்துவோர், புதிய வீட்டின் மின்னிணைப்பைச் சரிபார்த்து, மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் செய்துகொள்ளவேண்டும்.

*வலிப்பு நோய்:* உறக்கமின்மையும் தவறிய மாத்திரையும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு மிகும். கட்டும் வேலையை நள்ளிரவு வரை நீட்டிக்காமல் பத்து நாள்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

*காசநோய்:* ஒரு நாளும் மருந்து நிற்கலாகாது. பழைய மையத்தில் தெரிவித்தால் புதிய பகுதிக்குச் சிகிச்சையை மாற்றித் தருவார்கள். அதுபோலவே, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிலேயே மாத்திரை பெறுவோரும் முகவரி மாற்றத்தைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் முன்னதாகச் சொல்லவேண்டும்.

முதியோரும் புதிய வீடும்

முப்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில் இருட்டிலும் கழிப்பறைக்கு வழி தெரிந்த முதியவர், புதிய வீட்டில் முதல் இரவிலேயே தடுக்கி விழக்கூடும். இடுப்பெலும்பு முறிவு முதுமையில் எளிதில் ஆறுவதன்று. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். வழியில் பெட்டிகள் வேண்டா. கழிப்பறையில் வழுக்காத விரிப்பு இடுங்கள்.

மறதிநோய் உள்ளவர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கலாம். அவரோடு வாதிடுவதால் பயனில்லை. பழைய தலையணை, சுவர்க் கடிகாரம், சாமி படம் ஆகியவற்றை அவர் பார்வையில் படுமாறு முதலில் வையுங்கள். பழகிய பொருள்கள் அவருக்கு ஆறுதல் தரும். அவர் தனியே வெளியே சென்றுவிடாதபடி வாயிற்கதவின்மீதும் கண் வேண்டும்.

பராமரிப்பவருக்கு ஒரு சொல்

நோயாளியைக் கவனிப்பவரே பெட்டி கட்டுகிறார், வீட்டு உரிமையாளரிடம் பேசுகிறார், வண்டிக்காரரை அழைக்கிறார், சமைக்கவும் செய்கிறார். எரிச்சலும் அழுகையும் வருவது குணக்கேடன்று, களைப்பின் அடையாளம். அன்றைய நாளில் நோயாளியை மட்டும் பார்த்துக்கொள்ள ஒருவர், பொருள்களை மேற்பார்வையிட ஒருவர் என்று பணியைப் பிரித்துவிடுங்கள். உதவிக்கு வருவோரிடம் இன்னது வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் பிரிக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் இரத்த அழுத்த மாத்திரையையும் மறவாதீர்கள்.

எவை வெறும் அசதியல்ல?

சுமை தூக்கிய பின் நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலியோ, குளிர்ந்த வியர்வையோ, ஓய்விலும் தீராத மூச்சுத்திணறலோ தோன்றினால், ‘பாரம் தூக்கிய வலி’ என்றும் ‘வாய்வுப் பிடிப்பு’ என்றும் எண்ணித் தைலம் தேய்த்துக் காலம் கடத்தலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் நெஞ்சுவலி இன்றியே மாரடைப்பு வரக்கூடும். முகம் ஒரு பக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவற்றுள் எது தோன்றினும் உடனே 108ஐ அழையுங்கள். புதிய வீட்டின் முழு முகவரியும் அடையாளமும் எல்லோருக்கும் மனப்பாடமாக இராது. அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி வாயிற்கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஆம்புலன்ஸ் தேடியலையும் நேரம் அதனால் குறையும்.

புதிய வீட்டில் அடுப்பேற்றும் முன்பே, அன்றைய மாத்திரை வேளையைக் கடிகாரத்தில் பாருங்கள். ஐயம் எழுந்தால், வீடு மாறுவதற்கு ஒரு வாரம் முன்னதாகப் புறநோயாளர் பிரிவுக்கு வந்து எங்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.