வளைந்த சீட்டை நிமிர்த்தாதீர்கள், மாற்றுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். போடியிலிருந்து மலை மேலே ஏலத்தோட்டத்துக்கு உர மூட்டை ஏற்றிப் போகும் வண்டி. சில மாதங்களாக ஏற்றத்தில் கிளட்சை விடும்போது பின்னால் ‘டொக்’கென்று அடிக்கிறது. யூ ஜாயிண்ட் கிராஸை மாற்றியும் சத்தம் போகவில்லை. கிரவுன் ஹவுசிங்கில் பட்டை உட்காரும் சீட் வளைந்துவிட்டது, சூடுகாட்டி நிமிர்த்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். வெல்டர், இருப்பதன் மேலேயே ஒரு பட்டம் வைத்து ஒட்டித் தருவதாகச் சொல்கிறார். நண்பரோ, இதே கையோடு பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றிவிட்டால் உயரமும் கிடைக்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: மூன்றுமே வேண்டாம். பழைய சீட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே உயரத்தில், கனமான புது சீட்டை வைத்து வெல்டு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால், அது ஏன் வளைந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுச் சீட்டை மட்டும் மாற்றினால் புதுசும் இதே போல வளையும்.

உங்கள் ஜீப் வில்லிஸ் வழிவந்தது. பின் ஆக்ஸில் முழுவதையும் இரண்டு பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். ஆக்ஸில் குழாயின் அடியில் வெல்டு செய்த சீட் பட்டையின் மேல் உட்காரும், யூ போல்ட் இரண்டையும் சேர்த்து இறுக்கும். சக்கரம் முன்னோக்கி உருள முயலும்போது, ஹவுசிங் எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். பினியன் மூக்கு மேலே எழும். அந்த முறுக்கு முழுவதையும் தாங்குவது உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரண்டு சீட்டுகள். வில்லிஸ் சி.ஜே.-3பி-யின் கணக்கைப் பாருங்கள்: முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46, கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சினின் முறுக்குவிசை ஏறத்தாழ 37 மடங்காகப் பெருகி ஆக்ஸில்களுக்கு வருகிறது. வழுக்குப் பாறையில் முன் சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் பெரும்பங்கு பின் ஆக்ஸில் மேல்தான் விழும். எம்.எம்.540-இன் கியர் எண்கள் வேறு, விஷயம் ஒன்றுதான்.

சீட் மட்டும் தானாக வளைவது அபூர்வம். பெரும்பாலும் முதலில் யூ போல்ட் தளர்ந்திருக்கும். தளர்ந்ததும் சீட்டுக்கும் பட்டைக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழும். ஒவ்வொரு ஏற்றத்திலும் சீட்டின் பின் விளிம்பு பட்டையை அமுக்கும், முன் விளிம்பு எழும்பி அமரும். நீங்கள் கேட்கும் ‘டொக்’ அநேகமாக அந்த அடிதான். வண்டியைக் கழுவாமல் அப்படியே டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருக்கும். அதைத் துடைத்தால் அடியில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். இந்த இரண்டும் இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது என்று பொருள். கூடவே சென்டர் போல்ட் தேய்ந்திருக்கிறதா, பட்டையில் ஓர் இலை உடைந்திருக்கிறதா, ஷேக்கிள் புஷ் போய்விட்டதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அசைவை நேரில் பார்க்கவும் வழி உண்டு. சமதளத்தில், முன் சக்கரங்களை நகராத கனமான தடுப்பில் முட்டி நிறுத்தி, முன் ஆக்ஸிலைச் சேர்க்காமல், முதல் கியரில் ஒருவர் கிளட்சை மெல்ல விட வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று பினியன் மூக்கைக் கவனியுங்கள். வண்டிக்கு அடியிலோ முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு இதைச் செய்து பயனில்லை. பிரேக் தகடு அதே ஹவுசிங்கில்தான் பூட்டியிருக்கிறது. பிரேக் பிடித்தால் முறுக்கு அங்கேயே அடங்கிவிடும், பட்டைக்கு வராது. பல பட்டறைகளில் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்து ஹவுசிங் நேராக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பின் டயர்களுக்கு இடையே, ஆக்ஸில் உயரத்தில், முன்பக்கம் ஓர் அளவும் பின்பக்கம் ஓர் அளவும் எடுங்கள். ரிம் கோணல் ஏமாற்றாமல் இருக்க, சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து பாருங்கள். அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் குழாயே வளைந்திருக்கலாம். அப்போது சீட் வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் ஹவுசிங்கைக் கழற்றி லேத்தில் கொடுத்துப் பாருங்கள்.

ஏன் நிமிர்த்தக் கூடாது? ஒருமுறை மடங்கிய தகடு அதே கோட்டில்தான் மறுபடியும் மடங்கும். சூடு பக்கத்துப் பட்டைக்குப் பரவினால் அதன் பதமும் போய்விடும். மேலே பட்டம் ஒட்டுவதில் வேறு சிக்கல். வளைந்த பரப்பின் மேல் எவ்வளவு கனமான தகட்டை வைத்தாலும் பட்டை சமமாக உட்காராது.

புது சீட்டுக்கு 6 மி.மீ. கனத்துக்குக் குறையாத தகடு எடுங்கள். பழையதைவிடச் சற்று நீளமாக இருக்கட்டும், உள்ளே குறுக்குத் தாங்கல் ஒன்று வையுங்கள். சென்டர் போல்ட்டின் தலை முழுதாக உள்ளே இறங்கும்படி துளை இருக்க வேண்டும். தலை துளையின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் யூ போல்ட் ஒருநாளும் நிற்காது.

வெல்டிங்கில்தான் அதிக ஹவுசிங்குகள் பாழாகின்றன, அதனால் இதைப் பொறுமையாகச் செய்யச் சொல்லுங்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதே பினியன் கோணத்தைச் சரிபார்த்து, புள்ளி வெல்டு மட்டும் வைக்க வேண்டும். பிறகு ஆக்ஸிலை வெளியே எடுத்து, ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழு வெல்டுக்குப் போக வேண்டும். ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் அந்தப் பக்கம் என்று இடைவெளி விட்டு, ஈரம் படாத 7018 ராடால் ஒட்ட வேண்டும். குழாயின் நீளவாக்கில் மட்டும் வெல்டு ஓடட்டும். குழாயைச் சுற்றி வளையமாக ஒட்டினால் அந்த வட்டத்தில்தான் பின்னால் விரிசல் விடும். எர்த் கிளிப் வெல்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றவே கூடாது. அவசரத்தில் ஒரே மூச்சாக ஒட்டினால் குழாய் இழுத்துக்கொண்டு வாழைப்பழம் போல வளையும், பிறகு சீல் கசியும், பேரிங் கத்தும்.

இன்னொரு விஷயம்: இந்த ஜீப்பில் கிரவுன் நடுவில் இல்லை, வலதுபக்கம் ஒதுங்கியிருக்கிறது. அதனால் வலது சீட் வார்ப்பு இரும்பு உடலுக்கு மிக அருகில் வரும். வார்ப்பில் சாதாரணமாக வெல்டு வைத்தால் விரிசல்தான். குழாயோடு நின்றுகொள்ளச் சொல்லுங்கள்.

யூ போல்ட்டைப் பழையதையே திரும்பப் பூட்டாதீர்கள். நட்டோடு புதிது வாங்கி, குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். வண்டி ஓடியபின், முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். மலை வண்டிக்கு மாதம் ஒருமுறை சோதிப்பது நல்லது.

பட்டையை மேலே ஏற்றும் யோசனையை உங்கள் வண்டிக்கு நான் ஏற்க மாட்டேன். முறுக்கு இன்னும் மோசமாகும், குட்டையான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வும் அதிகமாகும். பாரம் ஏற்றிய வண்டி உயர்ந்தால் கொண்டை ஊசி வளைவில் சாயும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லியும் இருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது வாதாட முடியாது.

கேள்வி: என் ஜிப்ஸியில் புதுப் பட்டை போட்டபிறகு 50 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு வருகிறது. சீட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வைத்தால் போதும் என்கிறார்கள். வைக்கலாமா?

– வாசகர், கோத்தகிரி

பதில்: வைக்கலாம், அளந்த பிறகு. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கைபேசியில் உள்ள சாய்வுமானியே இதற்குப் போதும். பட்டை வண்டியில் பினியன் ஓரிரு டிகிரி கீழே பார்த்தபடி இருந்தால் நல்லது, பாரம் இழுக்கும்போது அது எழும்பிச் சமத்துக்கு வந்துவிடும். ஷாஃப்ட்டின் இரு முனை முள்கரண்டிகளும் ஒரே நேர்கோட்டில் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பல் தள்ளிச் சொருகியிருந்தாலும் இதே அதிர்வு வரும், அதைச் சரிசெய்யப் பைசா செலவில்லை. ஆப்பு தேவைப்பட்டால் இரும்பு ஆப்பே வாங்குங்கள், சென்டர் போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் இருக்கட்டும். அலுமினிய ஆப்பு மலைப்பாதையில் நொறுங்கிவிடும். அது நொறுங்கினால் யூ போல்ட் அப்போதே தளர்ந்துவிடும்.