உலை வைக்கும்போதே ஒரு பிடி

தோழிகளே, மனசு சோர்ந்து கிடக்கிற நாளில் பெரிய வேண்டுதலெல்லாம் தோன்றாது. ஆனாலும் உலை வைக்கவும் விளக்கேற்றவும் எழுந்துதானே ஆகணும்! அந்த வேலையோடு வேலையாக ஒரு நல்ல காரியத்தையும் சேர்த்துக்கொண்டால், மறக்கவும் மறக்காது, தனிச் செலவும் கிடையாது. பிள்ளையார்குப்பத்தில் நாங்கள் செய்துவருபவை இவை.

1. அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். காஞ்சி மகா பெரியவர் வீடுவீடாகப் பரவச் செய்த பிடி அரிசிப் பழக்கம்தான் இது. பிடிக்கு 40 கிராம் என்றாலும் மாதம் 1 கிலோ 200 கிராம் சேரும். நாலு காய்ந்த மிளகாய் போட்டு வைத்தால் வண்டு அண்டாது.

2. நாலைந்து வீட்டு அரிசியை ஒரே பையில் கட்டி, முறை வைத்து ஒருவர் வடலூர் போய் வாருங்கள். கடலூரில் பஸ் மாறினால் போதும், பஸ் காசையும் பங்கிட்டுக்கொள்ளலாம். 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நம் வீட்டுப் பிடி அரிசியும் அதில் வேகிறது என்று நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது. நீங்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். யார், எந்த ஊர் என்று கேட்காமல் போடுகிற சோறு அது.

3. நைந்துபோன வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயவைத்து, மெல்லிசாகக் கிழித்து உருட்டி வைத்தால் திரி வாங்கவே வேண்டாம். விளக்கேற்றும்போது கஷ்டத்தில் இருக்கிற ஒருவரை நினைத்துக் கும்பிட்டு, கையோடு அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

4. நம் ஊரில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருப்பதால், தெரிந்தவர் யாராவது அங்கே படுத்திருப்பார்கள். துணைக்கு இருப்பவரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் சொல்வார். கேட்காமலே பிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு பழைய போர்வை, நல்லெண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி கொண்டுபோய்க் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும்.

5. வண்டு விழுந்த அரிசி இருந்தால் புடைத்து, ஊறவைத்து அரைத்து இழைகோலம் போடுங்கள். காற்றில் பறக்காது, எறும்புக்கும் தீனி.

6. கழுநீரோடு காய்த்தோலைச் சேர்த்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊற்றுங்கள். ரப்பர் பேண்டு, பிளாஸ்டிக் கவர் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரானாலும் ஈஸ்டர் முடிந்து வரும் லூர்து அன்னை ஆலயத் திருவிழாவானாலும், வருகிறவர்களுக்குத் தாகம் ஒன்றுதான். ஒரு படி தயிரைக் கடைந்து நீராகப் பெருக்கி, இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு தட்டிப்போட்டுப் பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி வைத்தால் மோர் ஜில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் கப்புக்குப் பதில் வீட்டு டம்ளர்களையே கொண்டுபோங்கள்; காசும் மிச்சம், குப்பையும் இல்லை.

8. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் கசக்கிப் போடாதீர்கள். அன்று உங்களுக்கு யாராவது செய்த ஒரு நல்லதைப் பின்பக்கம் ஒரு வரி எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள்; மனசு கனக்கிற ராத்திரியில் எடுத்துப் படிக்கலாம். என்னிடம் இருக்கிற ஒரு தாளில், "எதிர் வீட்டு அக்கா கீரை ஆய்ந்து கொடுத்தாங்க" என்று மட்டும் இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் எழுதியது.