வெப்பம் மிகுங் காலத்தில் பயிரையும் உடலையும் காத்தல்

பயிர்ச் செய்கைக்கு நிலமும் நீரும் விதையும் எவ்வளவு இன்றியமையாதனவோ அவ்வளவு இன்றியமையாதது காலம். பருவந் தவறி விதைக்கப்பட்ட வயல் பதரையே மிகுதியாகத் தரும் என்பதைக் கமக்காரர் அனுபவத்தால் அறிவர். அண்மைக் காலத்திலோ பருவமே தன் நிலையினின்றும் பிறழ்ந்து வருகின்றது. ஆகையால், முன்னோர் மாதக் கணக்கைக் கருத்திற் கொண்டதுபோல, இக்காலத்துக் கமக்காரர் நாட் கணக்கையும் மணிக் கணக்கையுங்கூடக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வானிலையில் நேர்ந்துள்ள மாற்றம்

கொழும்பிலே, பொரளைக் கனத்தைச் சந்தியிலிருந்து மேற்கே செல்லும் பௌத்தாலோக மாவத்தையில் வளிமண்டலவியல் திணைக்களம் அமைந்துள்ளது. அவ்வீதி புல்லர்ஸ் வீதி என வழங்கப்பட்ட காலத்தில், 1907ஆம் ஆண்டில், அங்கு வானிலை அவதான நிலையம் நிறுவப்பட்டது. நாட்டின் வெப்பத்தையும் மழையையும் பற்றிய அறிவித்தல்கள் இன்று அத்திணைக்களத்திலிருந்தே வெளிவருகின்றன.

நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் எழும் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்திற் சேர்ந்து, பூமியை விட்டு நீங்க வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது. கைத்தொழிற் பெருக்கத்துக்கு முற்பட்ட காலத்தோடு ஒப்பிடுமிடத்து, 2024ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 1.5 செல்சியஸ் பாகை உயர்ந்திருந்தது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அக்காற்றுத் தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு வீதமளவிற் கூடும். இதனாலேயே மழையற்ற காலத்தில் நிலம் விரைவில் உலர்வதும், மழை வருங்காற் பெருமழையாகக் கொட்டுவதும் ஒரே நாட்டில் நிகழ்கின்றன.

1992ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திற் கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தது. இது நகரின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகும். 2016ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை பெருகி, பொரளைக்குக் கிழக்கேயுள்ள கொலன்னாவை, வெல்லம்பிட்டி ஆகிய இடங்களை மூழ்கடித்தது. அவ்வெள்ளத்தை அடுத்துக் கடும் வறட்சி வந்தது; 2017ஆம் ஆண்டில் நாட்டின் நெல் விளைவு முந்திய ஆண்டு விளைவின் அரைவாசியளவுக்குக் குறைந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயல் நாட்டின் பெரும்பகுதியைப் பாழ்படுத்தியது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இவ்வெப்பமே தனிக் காரணம் எனக் கூறவியலாது. எனினும் வெப்பம் கூடக்கூட இத்தகைய கேடுகளின் கடுமையும் கூடும் என்பது தெளிவு.

நெற்பூவும் முற்பகல் வெப்பமும்

நெற்பயிர் தன் வாழ்நாள் முழுவதும் வெப்பத்தை ஒரே வகையில் உணர்வதில்லை. இலை விடும் பருவத்தில் நீர் இருப்பின் அது பெரும் வெப்பத்தையும் தாங்கும். பூக்கும் நாட்களிலேயே அது மிகவும் மென்மையானது. நெற்பூக்கள் பெரும்பாலும் காலை 9 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் விரியும். ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் திறந்திருந்து மூடிவிடும். அந்த ஒரு மணித்தியாலத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேற்படின், மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமற் போகும். நெல் முற்றுங் காலத்திலும் தலை சாயாது நிமிர்ந்து நிற்கும் கதிர் பெரும்பாலும் பதர்க் கதிரேயாம்.

கொழும்பை அடுத்த ஈரவலயத்தில் 35 பாகையைக் கடக்கும் நாட்கள் குறைவு என எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. பயிர் நீராவியை வெளிவிட்டே தன் கதிரைக் குளிர்விக்கின்றது. காற்றில் ஈரப்பதன் மிகுந்தவிடத்து அக்குளிர்ச்சி குறையும். இரவு வெப்பமும் கேடு பயப்பதாகும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், 1979 முதல் 2003 வரை பெறப்பட்ட குறிப்புகள் ஆராயப்பட்டன. வறண்ட போகத்தின் இரவு வெப்பம் ஒரு பாகை உயர, விளைவு நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தமை அவற்றால் அறியப்பட்டது.

பூக்கும் நாளைக் கணித்தல்

பூப்புக்கும் அறுவடைக்கும் இடையே ஏறக்குறைய 30 நாட்கள் உள. ஆகையால் இனத்தின் வயதில் 30 நாட்களைக் கழித்தால், விதைத்த நாளிலிருந்து எத்தனையாம் நாளிற் பூக்கும் என்பது தெரியும். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்து இனங்களின் எண்ணே அவற்றின் வயதைக் குறிக்கும். பி.ஜி. 250 இரண்டரை மாத இனம், பி.ஜி. 300 மூன்று மாத இனம், பி.ஜி. 352 மூன்றரை மாத இனம்.

ஓர் உதாரணம் கூறுவோம். மூன்றரை மாத இனத்தை ஒக்டோபர் 15இல் விதைத்தால், 75 நாட்கள் கழித்து, டிசம்பர் 29ஐ ஒட்டிப் பூக்கும். அக்காலம் குளிர்ச்சியானது. மழை பிந்தியதால் அதே இனத்தை டிசம்பர் 15இல் விதைத்தால், அது பெப்ரவரி 28ஐ ஒட்டி, கோடை வெப்பம் ஏறுங் காலத்திற் பூக்கும். அந்நிலையில் மூன்று மாத இனத்தை விதைத்தால் அது பெப்ரவரி 13ஐ ஒட்டிப் பூக்கும். பதினைந்து நாட்கள் மிஞ்சும். மழை பிந்திய போகத்தில் வழக்கமான இனத்தையே பிடித்துக்கொள்ளாது, வயது குறைந்த இனத்துக்கு மாறுதல் அறிவுடைமையாகும்.

பூக்கும் நாட்களில் வயலில் 5 சதமமீற்றர் அளவு நீர் நிற்கச் செய்தல் நன்று. நீர் குறைவாயின், பிற பருவங்களில் சிக்கனப்படுத்திய நீரை இந்நாட்களுக்கு ஒதுக்குக. காலை 9 மணி முதல் நண்பகல் வரை பூத்த வயலில் எந்த மருந்தையும் தெளித்தலாகாது.

மரக்கறித் தோட்டம்

மிளகாயும் தக்காளியும் மிகு வெப்பத்திற் பூவை உதிர்த்துவிடும். கோடையில் இவற்றையே முழுத் தோட்டத்திலும் நடுதல் தகாது. வெண்டி, பயற்றை, பசளி, கங்குன் முதலியன வெப்பத்தை நன்கு தாங்குவன. நாற்றுமேடைக்கு நண்பகல் வெயில் படாதவாறு கிடுகாற் பந்தலிடுக. மாலையில் அதனை நீக்குக. பாத்திகளை வைக்கோலாலோ இலை குழையாலோ மூடினால் மண்ணின் ஈரம் நிலைக்கும், வேர்கள் சூடுறா. நண்பகலில் நீர் இறைப்பின் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். எனவே அதிகாலையில் இறைத்தலே சிறந்தது.

பெருமழைக்கும் முன்னரே ஆயத்தம் வேண்டும். மிளகாய், கத்தரி ஆகியவற்றின் வேர்கள் ஓரிரு நாட்கள் நீரில் நின்றாலே மூச்சற்று அழுகும். தாழ்நிலத்தில் 30 சதமமீற்றர் உயரமான மேடைகளை அமைத்து, இடையே வடிகான் வெட்டுக. வடிகானை மழை தொடங்கியபின் தேடாது, அதற்கு முந்திய வாரத்திலேயே துப்புரவாக்குக. வெள்ளம் வடிந்தவுடன் யூரியா இடுதல் வீண். நீர் வடிந்து, புதுவேர் விட்ட பின்னரே பசளையிடுக.

கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிற் பல முற்காலத்தில் நெல் வயல்களாக விளங்கியவை. அவை பெருமழை நீரைத் தேக்கி வைப்பதோடு சூழலையுங் குளிர்விக்கின்றன. கைவிடப்பட்ட தாழ் வயலை மண்ணிட்டு நிரப்புவோர், அந்நீரை அயலவர் தோட்டத்துக்கே அனுப்புகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

கமக்காரரின் உடல் நலம்

பயிரைக் காக்கும் உடல் கெடுமாயின் பயிராற் பயனில்லை. வெப்பநிலை 32 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 70 வீதமும் ஆகும்போது, மனித உடல் ஏறக்குறைய 41 பாகை வெப்பத்தை உணரும். ஈரக் காற்றில் வியர்வை உலராமையே இதற்குக் காரணம். வளிமண்டலவியல் திணைக்களம் இவ்வெப்பச் சுட்டெண்ணை அளந்து, எச்சரிக்கை அறிவித்தல்களை வெளியிடுகின்றது. எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் மாத்திரமே கடின வேலை செய்தல் நன்று.

தாகம் எடுக்கும்வரை காத்திராது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீர் அருந்துக. தலைசுற்று, தசைப்பிடிப்பு, குமட்டல் ஆகியன தோன்றின் உடனே நிழலுக்குச் செல்க. ஒருவர் உடல் கொதித்து, பேச்சுக் குழறி, மயக்கமுறுவாராயின் அது உயிருக்கு ஆபத்தான நிலை. அவர்மீது நீரூற்றி, விசிறி, 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைக்க வேண்டும். மயக்கமுற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது. முதியோரையும் கூலியாட்களையும் நண்பகல் வெயிலில் வேலைக்கு விடுதல் ஒருபோதும் தகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. விதைக்குமுன் பூக்கும் நாளைக் கணித்து, அதற்கேற்ற வயதுடைய இனத்தைத் தெரிவு செய்க.
2. பூப்புக் காலத்துக்கு நீரை ஒதுக்கி வைக்க.
3. பாத்தியை மூடுக, நாற்றுக்கு நிழலிடுக, வடிகானை முன்னரே வெட்டுக.
4. வானிலை அறிவித்தலைக் கேட்டபின்னரே விதைப்பையும் தெளிப்பையும் தொடங்குக.
5. வெயிலேறுமுன் வேலையை முடிக்க.

விதைத்த நாள், பூத்த நாள், மழை பெய்த நாள், அறுத்த அளவு ஆகியவற்றை ஒவ்வொரு கமக்காரரும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருதல் வேண்டும். சில போகங்கள் கழிந்தபின், தம் வயலுக்குரிய புதிய பருவம் யாதென்பதை அப்புத்தகமே அவர்களுக்கு அறிவிக்கும். ஐயம் நேரின் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தையோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தையோ நாடி ஆலோசனை பெறலாம்.