நூலகத்தின் பெயர்கள்

சுரண்டை

அன்புள்ள மருமகள் செல்விக்கு,

பிரெஞ்சு வகுப்பில் 'லிப்ரெரி' என்றால் புத்தகக் கடை என்று சொன்னார்களாம், நீ குழம்பிப்போனாயாம். ஆங்கிலேயர் கடன் வாங்கிய அதே சொல்தான் அது. அவர்களிடம் நூலகமாக நிலைத்தது, பிரெஞ்சுக்காரர்களிடம் கடையாகிவிட்டது. அதன் வேரான லத்தீன் 'லிபெர்', முதலில் மரத்தின் உட்பட்டையைக் குறித்தது. பிரெஞ்சில் நூலகம் 'பிப்ளியோத்தெக்'. இது கிரேக்கத்திலிருந்து வந்தது: 'பிப்ளியோன்' புத்தகம், 'தேக்கே' பெட்டி. அந்தப் 'பிப்ளியோனு'க்கு மூலம் பாப்பிரஸ் நாணல். அரபியில் 'மக்தபா', எழுதுவதைக் குறிக்கும் வேரில் பிறந்தது. அங்கும் நூலகம், புத்தகக் கடை இரண்டுக்கும் அதே பெயர்தான். மலாயில் 'பெர்புஸ்தகான்', உள்ளே நம் புஸ்தகம் ஒளிந்திருக்கிறது, பார்த்தாயா?

பட்டையும் நாணலும் அவர்களுக்கு என்றால், நமக்குப் பனையோலை. நம் பக்கம் பனைக்கா பஞ்சம்? ஓலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீறுவார்கள். துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி. அந்தக் கயிறுதான் 'நூல்' ஆயிற்று என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் நன்னூல் சொல்லும் காரணம் அதுவல்ல. பஞ்சிலிருந்து இழை நூற்பதுபோலப் புலவன் சொற்களைக்கொண்டு நூற்கிறான் என்பது ஒன்று. தச்சன் மரத்தின் கோணலைப் போக்க நூல் பிடிப்பதுபோல, மனக்கோணலைப் போக்குவது நூல் என்பது இன்னொன்று. எனக்கு இந்தத் தச்சனைத்தான் பிடித்திருக்கிறது. கட்டுகிற வேலையை வைத்துப் பெயர் பெற்றது வடமொழிக் 'கிரந்தம்'. முடிச்சிடுதல் என்பது அதன் வேர். மலையாளத்தில் நூலகத்துக்குக் 'கிரந்தசாலை' என்ற பெயர் உண்டு.

'நூலகம்' நிலைபெறும் முன் 'புத்தகசாலை', 'நூல்நிலையம்' என்றெல்லாம் சொன்னார்கள். தஞ்சாவூரில் 'சரசுவதி மகால்'. அதற்கும் முன்னால் சுவடி சேர்த்த இடம் 'சரசுவதி பண்டாரம்', அதாவது கலைமகளின் கருவூலம். பூட்டிவைப்பதற்கு ஏற்ற பெயர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் 'வாசிகசாலை' என்பார்கள். ஓலையையும் பெட்டியையும் விட்டுவிட்டு வாசிப்பைச் சொல்லும் பெயர். என் ஓட்டு அதற்கே.

பெயர் எதுவானாலும் நூலகம் நடக்கப் பணம் வேண்டுமே. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டதன் பலனாக 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார், அப்பாவுக்கே அது தெரியாமலிருக்கும்.

அன்புடன்,
மாமா